பூமி சூடாவதை மனிதனால் நிறுத்த முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடி மாவட்டத்துப் பள்ளிகளில் 30 ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் நடத்தினேன். ஓய்வுபெற்ற பிறகு நூலகம், விவசாயிகள் கூட்டம், கல்லூரி என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்க் காலநிலை மாற்றம் பற்றிப் பேசுகிறேன். பேச்சு முடிந்து டீ குடிக்கும்போதுதான் உண்மையான சந்தேகங்கள் வெளியே வரும். கேட்டவர்கள் வாயில் வந்த மாதிரியே அவற்றை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: "இனி நாம என்ன செஞ்சாலும் ஒண்ணும் ஆகப்போறதில்ல." அது தவறு என்று நான் நினைப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சார், எந்த வருஷம் வெயில் அடிக்கல? இதுக்குப் போய் ஏன் காலநிலை மாற்றம்னு பேர் வைக்கிறீங்க?

இன்றைக்கு வெயிலா மழையா என்பது வானிலை. ஓர் ஊரின் வெயிலையும் மழையையும் 30 ஆண்டு கணக்கெடுத்துச் சராசரி பார்த்தால் கிடைப்பது காலநிலை. ஒரு சித்திரை கொதிக்கும், அடுத்த சித்திரையில் கோடை மழை பெய்து குளிரும். அது வானிலையின் போக்கு. சராசரியே மேலே ஏறினால்தான் காலநிலை மாறிவிட்டது என்கிறோம்.

ஏறித்தான் இருக்கிறது. 1850 முதல் 1900 வரையிலான காலத்தோடு ஒப்பிட்டால், 2011–2020 பத்தாண்டில் பூமியின் சராசரி வெப்பம் சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது. 2024-ஐத் தனியாக எடுத்துப் பார்த்தால் 1.5 டிகிரியையும் தாண்டிவிட்டது.

பனியுகமே வந்து போயிருக்கு. பூமி தானா சூடாகும், தானா குளிரும். இதுல மனுஷன் எங்க வந்தான்?

பனியுகம் வந்ததும் போனதும் உண்மை. பூமி சூரியனைச் சுற்றும் பாதையும் அதன் அச்சின் சாய்வும் பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல மாறுகின்றன. பனியுகத்தின் தொடக்கமும் முடிவும் அதனால்தான். ஆனால் வேகத்தைப் பாருங்கள். கடைசிப் பனியுகத்தின் உச்சத்துக்கும் அதற்குப் பிந்தைய காலத்துக்கும் வெப்ப வித்தியாசம் 5, 6 டிகிரிதான். அந்த ஏற்றத்துக்குச் சுமார் 10,000 ஆண்டுகள் ஆயின. நாம் ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றியதற்கு 150 ஆண்டு போதுமானதாக இருந்தது. அதிலும் பெரும்பகுதி 1975-க்குப் பிறகு ஏறியது, அதாவது நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து.

"ஒரு டிகிரிதானே" என்பவர்களுக்கும் இதுவே பதில். 5, 6 டிகிரி குறைந்திருந்த காலத்தில் வட அமெரிக்காவின் பாதி பனிக்கு அடியில் கிடந்தது.

எரிமலை விடுற புகையை விடவா நம்ம வண்டி விடுது? மனுஷன் விட்ட கரிதான்னு அதுல எழுதி ஒட்டியா இருக்கு?

ஏறக்குறைய எழுதி ஒட்டித்தான் இருக்கிறது. நிலக்கரியும் பெட்ரோலும் பல கோடி ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்தவை. உயிருள்ள செடியில் இருக்கும் கார்பன்-14 என்ற கதிரியக்க வகை அவற்றில் துளியும் மிஞ்சியிருக்காது. கார்பன்-13 என்ற இன்னொரு வகையும் குறைவாகவே இருக்கும். காற்றில் கரியமில வாயு கூடக்கூட இந்த இரண்டு வகைகளின் பங்கும் குறைந்துகொண்டு வந்தது. அதாவது புதிதாகச் சேர்ந்த வாயு பழைய மண்ணிலிருந்து தோண்டி எரித்தது. உலகின் எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் விடும் கரியமில வாயு, மனிதன் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

சூரியனைச் சந்தேகப்படுபவர்களும் உண்டு. 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய வெளிச்சத்தை அளந்து வருகின்றன. அது கூடவில்லை. சூரியன்தான் காரணம் என்றால் காற்று மண்டலம் அடி முதல் நுனி வரை சூடாகியிருக்க வேண்டும். நடப்பது வேறு: தரைக்குப் பக்கத்தில் சூடு ஏறுகிறது, மேலடுக்கு குளிர்கிறது. வெப்பம் கீழேயே மாட்டிக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான தடயம் கிடையாது.

காத்துல கரியமில வாயு 0.04 சதவீதம்தானாமே. அந்தத் துளியூண்டு வாயுவா உலகத்தைச் சூடாக்கும்?

வகுப்பில் இந்தக் கேள்வி வந்தால் ஒரு வாளித் தண்ணீரும் வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலமும் கொண்டுவரச் சொல்வேன். நாலு சொட்டு விட்டால் வாளியின் அடி தெரியாது. வாளி நிறையத் தண்ணீர் இருந்தாலும் வெளிச்சத்தைப் பிடிக்காது. நீலம் பிடிக்கும், அதனால் நாலு சொட்டே போதும். காற்றில் 99 சதவீதமாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் பூமி வெளியே விடும் வெப்பக் கதிரைத் தடுப்பதில்லை. கரியமில வாயு தடுக்கிறது. இதை 1859-லேயே ஜான் டிண்டால் சோதனைச்சாலையில் அளந்து காட்டிவிட்டார்.

தொழிற்சாலைக் காலத்துக்கு முன் காற்றின் 10 லட்சம் மூலக்கூறுகளில் 280 கரியமில வாயுவாக இருந்தன. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது 315. இன்று 420-க்கு மேல். இப்படி வெப்பம் பிடிக்கும் வாயுக்கள் அறவே இல்லாமல் போனால் பூமியின் சராசரி வெப்பம் 15 டிகிரியிலிருந்து உறைநிலைக்குக் கீழே 18 டிகிரிக்கு இறங்கிவிடும். துளிக்கு அவ்வளவு வலு.

என்ன இருந்தாலும் இயற்கைக்கு முன்னாடி மனுஷன் தூசு, அண்ணாச்சி. நாம போய் பூமியை மாத்த முடியுமா?

இதைச் சொன்னவர் கடலுக்குப் போகிறவர். அந்தப் பணிவு எனக்குப் பிடித்திருந்தது. புயலுக்கு முன்னால் நாம் தூசுதான். ஆனால் 1850 முதல் இன்றுவரை மனிதர்கள் காற்றில் ஏற்றிய கரியமில வாயு 2.4 லட்சம் கோடி டன்னுக்கு மேல். தனி மனிதன் தூசு. 200 ஆண்டு விடாமல் எரித்த பல நூறு கோடிப் பேர் தூசு இல்லை.

அவரிடம் நான் திருப்பிக் கேட்டது இதுதான்: சூடாக்கும் அளவுக்கு நம் கைக்கு வலு இருந்திருக்கிறது என்றால், அதே கையால் அடுப்பை அணைக்க மட்டும் எப்படி முடியாமல் போகும்? இது எங்கோ சூரியனுக்குள் நடக்கும் கோளாறாக இருந்தால்தான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். காரணம் நாம்தான் என்பதில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது.

சரி, ஒத்துக்கிறேன். நாளைக்கே எல்லாப் புகையையும் நிறுத்திட்டா பூமி பழையபடி குளிர்ந்துடுமா?

குளிராது. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். "திருப்புவது" என்ற சொல்லில்தான் நிறையக் குழப்பம் இருக்கிறது. குழம்பில் உப்பு கூடிவிட்டால் முதல் வேலை மேற்கொண்டு உப்பு போடாமல் கையை இழுத்துக்கொள்வது. போட்ட கரிப்பு அதனால் குறையாது, ஆனால் இன்னும் ஏறாது. கரியமில வாயுவும் அப்படித்தான். இன்று விட்டதில் ஒரு பங்கு ஆயிரம் ஆண்டு கழித்தும் காற்றில் இருக்கும்.

ஆனால் ஒன்று. விடுவதை நிறுத்திய சில ஆண்டுகளில் வெப்பம் ஏறுவதும் ஏறக்குறைய நின்றுவிடும். நிறுத்தினாலும் இன்னும் பல பத்தாண்டுகள் சூடு தானாக ஏறிக்கொண்டே போகும் என்று முன்பு பலரும் நினைத்திருந்தார்கள். கணக்கைத் திருத்திப் பார்த்ததில் அப்படி இல்லை என்று தெரிந்தது. கடல் மெதுவாகச் சூடாவதால் வெப்பம் ஏறப் பார்க்கும். அதே கடலும் காடும் காற்றிலிருந்து கரியை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் இறங்கப் பார்க்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. ஆகவே நாம் எந்த நாளில் நிறுத்துகிறோமோ ஏறக்குறைய அந்த அளவிலேயே வெப்பம் நிற்கும். கடல் மட்டம் மட்டும் அப்படி நிற்காது. பனிப்பாறை உருகி முடிய நூற்றாண்டுகள் ஆகும், அதன் வேகத்தைத்தான் குறைக்கலாம்.

உண்மையிலேயே திருப்பிப் பார்க்கக்கூடியது மீத்தேன். அது காற்றில் சுமார் 12 ஆண்டுதான் தங்கும். விடுவதைக் குறைத்தால் அதன் பங்குச் சூடு நம் காலத்திலேயே இறங்கும். சாணம், குப்பைமேடு, எரிவாயுக் குழாய்க் கசிவு, நெல் வயல் எல்லாம் மீத்தேன் வரும் இடங்கள். வயலில் தண்ணீரை எப்போதும் தேக்கி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் மீத்தேன் ஏறக்குறைய பாதி வரை குறையும். திருந்திய நெல் சாகுபடியில் நம் விவசாயிகள் இதைத்தானே செய்கிறார்கள்? தண்ணீர் மிச்சப்படுத்தச் செய்தது, காற்றுக்கும் நல்லதாகப் போயிற்று.

அப்போ போனது போனதுதான். 1.5 டிகிரியும் தாண்டியாச்சுங்கிறீங்க. இனிமே நிறுத்தி யாருக்கு என்ன லாபம்?

முதலில் ஒரு திருத்தம். வெப்ப ஏற்றத்தை இதற்குள் நிறுத்தப் பார்ப்போம் என்று 2015-ல் உலக நாடுகள் பாரிஸ் ஒப்பந்தத்தில் பேசிய 1.5 டிகிரி, பல ஆண்டுச் சராசரி. ஓர் ஆண்டு தாண்டியதால் அது முறிந்துவிடவில்லை. ஆனால் இப்படியே போனால் சீக்கிரம் முறியும், அதையும் மறைப்பதற்கில்லை.

பரீட்சையில் 35 எடுத்தால் தேறுவோம், 34 என்றால் தோற்போம். பலரும் 1.5-ஐ இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். வெப்பம் அப்படி வேலை செய்வதில்லை. 1.6, 1.8-ஐவிட நல்லது. 1.8, 2-ஐவிட நல்லது. 1.5 டிகிரியில் உலகின் பவளப்பாறைகளில் 70 முதல் 90 சதவீதம் அழியும், 2 டிகிரியில் 99 சதவீதத்துக்கு மேல் போய்விடும் என்பது ஐ.நா.வின் காலநிலைக் குழு 2018-ல் சொன்ன கணக்கு. இதைப் படித்தபோது எனக்கு மன்னார் வளைகுடாதான் நினைவுக்கு வந்தது. 2010-லும் 2016-லும் அங்கே கடல் நீர் சூடேறிப் பவளம் வெளுத்துப் போனது. நூற்றில் பத்து மிஞ்சுவதற்கும் ஒன்று மிஞ்சுவதற்கும் உள்ள தூரம் சின்னது இல்லை. பத்து மிஞ்சினால் அதிலிருந்து மறுபடி முளைக்க வழி உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2015 வாக்கில் நூற்றாண்டு முடிவில் 4 டிகிரி வரை போகும் என்று அஞ்சினார்கள். இன்றைய கொள்கைகள் அப்படியே தொடர்ந்தால் 3 டிகிரிக்குச் சற்றுக் கீழே நிற்கும் என்கிறார்கள். அதுவும் மோசம்தான். ஆனால் அந்த ஒரு டிகிரி தானாக இறங்கவில்லை, செய்த வேலையால் இறங்கியது.

மரம் நட்டா போதாதா? அதைச் செய்யாம ஊர்க்கதையெல்லாம் எதுக்கு?

மரம் நடுங்கள். நிழலுக்கு, மண்ணுக்கு, பறவைக்கு, நிலத்தடி நீருக்கு. கரிக்கணக்குக்கு மட்டும் அதை நம்பி இருக்க முடியாது. வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்கு 20 கிலோ கரியமில வாயுவை எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி இந்தியர் ஒருவர் ஆண்டுக்கு விடுவது 2 டன். ஆளுக்கு 100 மரம் வேண்டும், 140 கோடிப் பேருக்கு இடம் எங்கே? அப்புறம் அந்த மரம் பட்டுப்போனாலோ எரிந்தாலோ எடுத்த கரியில் பெரும்பகுதி திரும்பிக் காற்றுக்கே வந்துவிடும்.

கன்று நடும் விழாக்களுக்கு நானும் போயிருக்கிறேன். அடுத்த பங்குனியில் போய்ப் பார்த்தால் கம்பி வேலி மட்டும் நிற்கும். ஆயிரம் நட்டதைச் சொல்வதைவிட ஐம்பதுக்குத் தண்ணீர் ஊற்றியதைச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், இருக்கும் காட்டையும் பிச்சாவரம் மாதிரி அலையாத்தியையும் சதுப்பு நிலத்தையும் தொடாமல் விடுவது. சதுப்பு மண்ணில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த கரியை எந்தக் கன்றும் நம் ஆயுளில் ஈடுகட்டாது.

காத்துல இருக்கிற கரியை உறிஞ்ச மெஷின் வந்திருக்காமே, யூடியூப்ல பார்த்தேன். அது பார்த்துக்காதா?

இருக்கிறது. ஐஸ்லாந்தில் 2024-ல் திறந்த மாமத் என்ற ஆலை முழுத் திறனில் ஓடினால் ஆண்டுக்கு 36,000 டன் உறிஞ்சும். உலகம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை எரித்து ஆண்டுக்கு விடுவது சுமார் 3,700 கோடி டன். வகுத்துப் பார்த்தால் அப்படிப்பட்ட ஆலை 10 லட்சம் வேண்டும், அத்தனைக்கும் மின்சாரமும் வேண்டும். கடைசியில் எப்படியும் நிறுத்த முடியாத கொஞ்சம் புகைக்கும், பிற்காலத்தில் கரிப்பைக் குறைக்கவும் இது உதவலாம். குழாயைத் திறந்து விட்டுவிட்டுக் கரண்டியால் அள்ளிக் கொட்டுவது வேலைக்கு ஆகாது.

உலக நாடுகள் ஒண்ணு சேர்ந்து இதுக்கு முன்னாடி எதையாவது சரி பண்ணியிருக்கா? ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்.

ஓசோன். பழைய ஃபிரிட்ஜிலும் ஸ்பிரேயிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன் என்ற வாயு ஓசோன் படலத்தைத் தின்னும் என்று 1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற இருவர் எச்சரித்தார்கள். 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 1987-ல், மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. பிறகு உலகின் எல்லா நாடுகளும் அதில் சேர்ந்தன. இன்று படலம் தேறி வருகிறது. பூமியின் பெரும்பகுதிக்கு 2040 வாக்கிலும் அண்டார்டிகாவுக்கு 2066 வாக்கிலும் 1980-ன் நிலை திரும்பும் என்பது கணிப்பு. அந்த வாயு வெப்பத்தையும் பிடிக்கும் என்பதால், அதை நிறுத்தியதில் பூமி சூடாவதும் ஓரளவு தடுக்கப்பட்டது.

இரண்டும் ஒன்றல்ல, தெரியும். அது சில ஆலைகள் செய்த ஒரு சரக்கு. இது சமையல், பயணம், சிமென்ட், இரும்பு என்று எல்லாவற்றிலும் ஊறிக் கிடப்பது. அதனால் மெதுவாகத்தான் நடக்கும். ஆனாலும் நடக்கிறது. நிலக்கரி மின்சாரத்தை உலகுக்கே அறிமுகப்படுத்திய பிரிட்டன், 2012-ல்கூட மின்சாரத்தில் 40 சதவீதத்தை நிலக்கரியில்தான் எடுத்தது. 2024 செப்டம்பர் 30-ல் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடிவிட்டது.

சைனாக்காரனும் அமெரிக்காக்காரனும் விடுற புகைக்கு நாம ஏன் சிலுவை சுமக்கணும்?

இந்தக் கோபம் நியாயமானது. ஆண்டுக்கு ஓர் அமெரிக்கர் விடுவது சுமார் 14 டன், சீனர் 8 டன்னுக்கு மேல், இந்தியர் 2 டன். இதுவரை சேர்ந்த மொத்தத்தில் அமெரிக்காவின் பங்கு ஏறக்குறைய கால்வாசி. நம் பங்கு நாலு சதவீதத்துக்குள். அதிகம் எரித்தவர்கள் அதிகம் கொடுக்க வேண்டும், வேகமாகவும் குறைக்க வேண்டும். நம் நாடு எல்லா மாநாட்டிலும் இதைக் கேட்கிறது. தொடர்ந்து கேட்க வேண்டும்.

ஆனால் "அவன் நிறுத்தாதவரை நானும் நிறுத்த மாட்டேன்" என்பதில் அடி வாங்கப்போவது நாம்தான். வெயிலில் வேலை செய்கிறவர்கள் நம்மிடம்தான் அதிகம். தவிர இப்போது விலையே மாறிவிட்டது. 2010-ல் இந்தியாவில் சூரிய மின்சாரம் யூனிட் 10 ரூபாய்க்கு மேல் ஏலம் போனது. 2020-ல் 2 ரூபாய்க்கு வந்தது. சீனா 2023-ல் ஓர் ஆண்டில் மட்டும் 2 லட்சம் மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின்தகடுகளை நிறுவியது. தியாகம் செய்ய வேண்டும் என்று நினைத்தா செய்திருப்பார்கள்? லாபம் இருப்பதால் செய்கிறார்கள்.

காத்தாடியும் சோலாரும் காத்தும் வெயிலும் இருந்தாத்தானே? ராத்திரி எட்டு மணிக்கு ஃபேன் எதுல ஓடும்?

நல்ல கேள்வி. பதில் பாதி நம் ஊரிலேயே இருக்கிறது. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்று பாருங்கள். மேற்கிலிருந்து வரும் காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும், பேசினால் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. அந்தக் காற்று ராத்திரியிலும் அடிக்கும். 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் சோதனைக்காகச் சில சிறு காற்றாலைகளை நட்டபோது வேடிக்கை பார்க்கப் போனவர்களில் நானும் ஒருவன். இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

காற்றும் வெயிலும் இல்லாத நேரத்துக்குச் சேமிப்பு வேண்டும். பேட்டரி விலை வேகமாக இறங்கி வருகிறது. பழைய வழியும் உண்டு. ஆனைமலையில் கடம்பாறை நிலையம் 1980-களிலிருந்து இதைத்தான் செய்கிறது: மின்சாரம் மிச்சமிருக்கும்போது கீழ் அணையிலிருந்து மேல் அணைக்குத் தண்ணீரை ஏற்றும், தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கும். இன்னும் பல கடம்பாறைகள் வேண்டும். 2025-ல் இந்தியாவின் மொத்த மின் நிறுவுதிறனில் பாதி நிலக்கரி, எரிவாயு அல்லாததாகிவிட்டது. ஆனால் ஓடும் மின்சாரத்தில் இன்னும் பெரும்பங்கு நிலக்கரிதான். இடையில் இருக்கும் அந்தத் தூரம் சேமிப்பாலும் மின்தடங்களாலும் நிரம்ப வேண்டியது.

நான் ஒருத்தன் லைட்டை அணைச்சா உலகம் மாறிடுமா, பெரியப்பா?

கேட்டது என் தம்பி மகன். லைட்டை அணைப்பதால் மாறாது, அதைச் சொல்லி அவனைக் குற்றவாளி ஆக்கவும் எனக்கு விருப்பமில்லை. ஆனால் குண்டு பல்பு எல்.இ.டி.க்கு மாறிய கதையைச் சொன்னேன். 2015-ல் அரசுத் திட்டம் மொத்தமாக வாங்கத் தொடங்கியதும் 300 ரூபாய்க்கு மேல் விற்ற பல்பின் கொள்முதல் விலை 40 ரூபாய்க்குக் கீழே வந்தது. 36 கோடிக்கு மேல் பல்புகள் வீடுகளுக்குப் போயின. யாரும் இருட்டில் உட்காரவில்லை. தனி ஆளும் அரசும் ஒரே பக்கம் இழுத்தால் இப்படி நடக்கும்.

வீட்டளவில் பெரிய வேலை கூரைதான். 3 கிலோவாட் சூரியத் தகடு நம் வெயிலில் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும். நிலக்கரி கலந்த மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு 700 கிராம் அளவில் கரியமில வாயு விடுவதால், ஆண்டுக்கு 3 டன் மிச்சம். ஓர் இந்தியரின் சராசரி 2 டன் என்று முன்னே சொன்னது நினைவிருக்கும். சொந்த மாடி இல்லாதவர் என்ன செய்வார்? வார்டு கூட்டத்தில் பேருந்து கேட்கலாம், பள்ளிக் கூரைக்குத் தகடு கேட்கலாம். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேட்கலாம். அதன் எடை லைட்டை அணைப்பதைவிட அதிகம்.

விஞ்ஞானிங்க சொன்னது எதுதான் நடந்துச்சு? அந்த ஊர் மூழ்கும் இந்த ஊர் மூழ்கும்னு பயமுறுத்துறதுதானே வேலை?

பரபரப்புத் தலைப்பையும் ஆய்வையும் பிரித்துப் பாருங்கள். 1967-ல் மனாபே, வெதரால்ட் என்ற இருவர் அந்தக் காலத்துக் கணினியில் கணக்குப் போட்டு, கரியமில வாயு இரட்டிப்பானால் தரை 2.3 டிகிரி சூடாகும், மேலடுக்கு குளிரும் என்றார்கள். மேலடுக்கு குளிர்ந்ததை மூன்றாவது கேள்வியில் பார்த்தோம். வெப்பமும் அந்தக் கணக்குக்கு ஒத்துத்தான் ஏறுகிறது. மனாபேக்கு 2021-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

2023 வெள்ளமும் இதனாலதானா? எல்லாத்துக்கும் காலநிலைன்னு சொல்லிட்டு, குளத்தைத் தூர்வாராம தப்பிக்கிறாங்களே?

அந்த டிசம்பர் 17 இரவு எங்கள் வீட்டுக்குள் ஏறிய தண்ணீர், சுவரில் தொங்கிய நாள்காட்டியின் கீழ் ஓரம் வரை வந்தது. தேதித் தாள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போய், 17-க்குப் பிறகு கிழிக்க முடியவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் மாவட்டத்தில் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம்.

அந்த மழை முழுக்கக் காலநிலை மாற்றத்தால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். முன்பும் பெருமழை பெய்திருக்கிறது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும், கொட்டும்போது அதையும் சேர்த்துக் கொட்டும். அதே சமயம், அந்தத் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததற்குக் காலநிலை மட்டும் காரணம் இல்லை. தூர்ந்த குளம், அடைபட்ட ஓடை, வாய்க்காலில் கட்டிய கட்டடம் எல்லாம் நம் கைவேலை. காலநிலையைச் சாக்கு சொல்லி இதிலிருந்து யாரும் நழுவக் கூடாது என்பதில் கேட்டவரோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன்.

தூர்வாருவதா, புகையைக் குறைப்பதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. இன்றைய மழைக்குக் குளம், நாளைய மழை இன்னும் பெரிதாகாமல் இருக்கப் புகைக் குறைப்பு. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு பெருமளவு அரித்துப்போய்ச் சுருங்கியிருந்தது. 2015-லிருந்து கடலில் செயற்கைப் பவளத்திட்டுகளை இறக்கி அரிப்பைத் தணித்தார்கள், தீவு தாக்குப்பிடித்து நிற்கிறது. கடல் இன்னும் ஒரு மீட்டர் ஏறினால் எந்தத் திட்டும் அதைக் காக்காது.

ஐயா, நீங்க சொல்றதெல்லாம் நடக்க நாளாகும். அதுவரைக்கும் நான் எந்த வெயில்ல நிக்க?

உப்பளத்தில் உப்பு வாருகிற ஓர் அம்மா கேட்டார். நோட்டில் இருக்கும் கேள்விகளிலேயே எனக்குக் கடினமானது இதுதான். புகை நாளைக்கே நின்றாலும் அவர் வேலை செய்யும் காலத்தில் அளத்து வெயில் தணியாது. ஆறாவது பதிலில் சொன்ன கணக்கு அவருக்கு எதிராகத்தான் இருக்கிறது. அவரிடம் போய் நம்பிக்கை பேச எனக்கு வாய் வரவில்லை.

செய்யக்கூடியவை உண்டு. 2024-ல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் அவருக்கு வேண்டியது சாகாமல் இருப்பதற்கான ஏற்பாடு: விடிவதற்கு முன் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிகிற வேலை நேரம், கூலி குறையாமல். அளத்துக்குள் நிழல் கொட்டகை, குடிநீர். வெயில் நாளில் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, "குடிச்சா ஒதுங்க இடம் வேணும்லா" என்றார். அதனால் காலையில் போனது முதல் திரும்பும்வரை குடிக்காமலே வேலை பார்ப்பாராம்.

அன்று மாலை அங்கிருந்த பெண்கள் சேர்ந்து ஒரு மனு எழுதினார்கள். முதல் வரியில் கழிப்பறை கேட்டிருந்தார்கள், இரண்டாவதில் நிழல். 23 பேர் கையெழுத்துப் போட்டார்கள். உப்பில் வெடித்த விரலில் மை ஒட்டாததால் இருவர் ரேகையை இரண்டு தடவை வைக்க வேண்டியிருந்தது.